நீக்கப்பட்ட சாவி

அந்தக் காருக்குச் சாவி கிடையாது என்பதை ஏற்றுக்கொள்ளக் கோதண்டத்துக்கு ஒரு வாரம் பிடித்தது. இருபத்தெட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவர். துறைமுகத்தில் டிரெய்லர், வண்ணாரப்பேட்டையில் லோடு வேன், கடைசி ஒன்பது வருடமாக மாசானம் முதலாளியின் கார். எந்த வண்டியானாலும் இறங்கும்போது சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டு, ஒரு தரம் தட்டிப் பார்த்துக்கொள்வார். புது வண்டியில் உருவுவதற்கு எதுவும் இல்லை. போன் பையில் இருந்தால் போதும். பக்கத்தில் போனதும் கதவின் கைப்பிடி தானாக வெளியே வரும். பத்தடி விலகினால் தானாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும்.

வாங்கிக் கொடுத்தது முதலாளியின் ஒரே மகன் இசக்கிராஜா. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ராயபுரம் வீட்டு வாசலில் வைத்துக் கோதண்டத்தின் போனை வாங்கி எதையெதையோ தட்டிவிட்டு, "இனிமே இதுதான் அண்ணே சாவி" என்று திருப்பிக் கொடுத்தான்.

"செல்லு கீழ வுழுந்து ஒடஞ்சிச்சின்னா இன்னா தம்பி பண்றது?"

"எனக்குப் போன் போடுங்க. நான் பெங்களூர்ல இருந்தே தொறந்து விட்டுருவேன். ஒரே ஒரு அமுக்கு."

முதல் சாவி அவன் போனில் இருந்தது. அதிலிருந்து யாருக்கு வேண்டுமானாலும் சாவி கொடுக்கலாம். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஏடிஎம் கார்டு மாதிரி இரண்டு அட்டைகளும் வண்டியோடு வந்திருந்தன. ஒன்றை அவன் பெங்களூருக்கு எடுத்துப் போனான். இன்னொன்று ராயபுரம் வீட்டுப் பீரோவுக்குள் போனது.

மாசானத்துக்கு அறுபத்தொன்பது வயது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் பட்டணத்துக்கு வந்து, எவர்சில்வர் பாத்திர மொத்த வியாபாரத்தில் நிமிர்ந்தவர். போன கார்த்திகையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப்போனது. கடையைத் தம்பி பார்த்துக்கொண்டார். வீட்டில் மனைவி ராமசெல்வி, "என்ன கேக்கீய, தண்ணியா? பேன் போடணுமா?" என்று ஒவ்வொன்றாக ஊகித்து ஊகித்து அலுத்துப்போவாள். அவர் தலையைத் திருப்பிக்கொள்வார். கோதண்டத்துக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. ஒன்பது வருடமாகப் பின் சீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த குரல் அது. சிதைந்த பிறகும் அதன் போக்கு அவருக்குத் தெரிந்தது.

செவ்வாயும் வெள்ளியும் திருவொற்றியூரில் பிசியோதெரபி. பின் சீட்டில் இடது ஓரமாக உட்காரவைத்து பெல்ட் போட்டு அழைத்துப் போவார். ஒருமுறை வண்டி ஓடும்போதே முதலாளி இடது கையால் கதவைத் திறந்துவிட்டார். அதைக் கேள்விப்பட்ட இசக்கிராஜா அன்றைக்கே பெங்களூரிலிருந்தபடி பின் கதவுகளை உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி செய்துவிட்டான். பின் கண்ணாடியும் உள்ளேயிருந்து இறங்காது.

சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, திரும்பி வரும் வழியில் முதலாளி கேட்டார்.

"ஒன் வீடு எங்க?"

மற்றவர்கள் காதில் அது வெறும் முனகலாகத்தான் விழுந்திருக்கும். கோதண்டம் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார்.

"வியாசர்பாடிலதான் மொதலாளி. ஹவுசிங் போர்டு."

"போ."

"அங்க இன்னா மொதலாளி கீது? ஒரே கலீஜா இருக்கும்."

"போடா."

கோதண்டத்தின் மனைவி வரலட்சுமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கணவனின் முதலாளி, அதுவும் இந்த நிலைமையில், பிளாக்குக்குக் கீழே காரில் உட்கார்ந்திருக்கிறார். அவசரமாக மோர் கலக்கிக்கொண்டு இறங்கினாள். அவர் மோரை வாங்கவில்லை. மூக்கை உறிஞ்சினார். மாடியில் நெத்திலிக் கருவாடு கொதித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் உப்பு ஆகாது என்று சொன்ன நாளிலிருந்து ராயபுரத்து வீட்டில் அவருக்குத் தனிச் சமையல். ஊட்டிவிட்டால் நாலு வாய் வாங்குவார், ஐந்தாவதைத் துப்புவார். அன்றைக்குக் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மடியில் தட்டோடு, இடது கையால் தானே பிசைந்து தானே சாப்பிட்டார். சட்டையெல்லாம் சிந்தியது. வரலட்சுமி ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். கிளம்பும்போது கோதண்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல சொல்லாத" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் போனார்கள். வரலட்சுமி உப்பைப் பாதியாகக் குறைத்துச் சமைத்தாள். அவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, கோதண்டம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இசக்கிராஜாவிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, செவ்வாக்கெழம தோறும் வண்டி வியாசர்பாடில அரை மணி நேரம் நிக்குதே. என்ன வேல?"

வண்டி எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதெல்லாம் அந்தப் போனில் தெரியும் என்று கோதண்டத்துக்கு அதுவரை தெரியாது.

"காத்து அடிக்க நின்னேன் தம்பி."

"நாலு வாரமும் காத்தா?"

கோதண்டம் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இருந்தது. உண்மையைச் சொன்னால், உப்பு ஆகாத மனிதருக்குக் கருவாடு போட்டவர்கள் என்று வரலட்சுமியையும் சேர்த்துப் பேச்சு வரும் என்ற பயம் ஒரு பக்கம். யார் வீட்டில் யார் சாப்பிட்டார் என்று முதலாளியின் சொந்தங்கள் சாதியை இழுத்துப் பேசுவார்கள் என்பதும் இருந்தது.

"அப்பாவ வண்டியில போட்டுக்கிட்டு உங்க சொந்த வேலையப் பாத்துட்டு இருக்கீங்க. பேச முடியாத மனுசன், யாருட்ட போய்ச் சொல்லிரப் போறாருங்கிற தைரியம். இதுக்குப் பேரு திருட்டு அண்ணே." போன் வைக்கப்பட்டது.

திருவொற்றியூர் போகும் வழியில் முதலாளி இரண்டு முறை என்ன என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல மொதலாளி. வெயிலு."

அன்றைக்கு எல்லாமே தாமதம். பிசியோதெரபி செய்யும் இடத்தில் கரண்ட் இல்லாமல் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். திரும்பும்போது துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்று சாலையை அடைத்திருந்தன. வழக்கமாக ஒன்றரைக்கெல்லாம் வீட்டில் இருப்பவர்கள், ஒன்றே முக்காலுக்கு டோல்கேட் பக்கம்தான் வந்திருந்தார்கள்.

"அது தீந்துட்டு" என்றார் முதலாளி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. பெரியவர்களுக்கான டயப்பர். அதன் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மருந்துக்கடை இருந்த பெரிய ரோட்டில் வண்டியை நிறுத்த இடமில்லை. பூட்டிக் கிடந்த ஒரு குடோன் மதிலை ஒட்டிய சந்தில் நிறுத்தினார். நிழல் இல்லை. ஆனால் ஏசி ஓடும். வண்டியை நிறுத்திய பிறகும் போனில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். அதை அமுக்கிவிட்டு, "அஞ்சு நிமிட்ல வந்துர்றேன் மொதலாளி" என்று இறங்கினார். அவர் விலகியதும் கதவுகள் பூட்டிக்கொண்டன. மணி ஒன்று ஐம்பது.

பெங்களூரில் இசக்கிராஜா ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தான். காலையிலிருந்து அவனுக்கு மனசு ஆறவில்லை. ஏஜென்சியில் வேறு டிரைவருக்குச் சொல்லியாகிவிட்டது. போனில் காருக்கான ஆப்பைத் திறந்து பார்த்தான். வண்டி நிறுத்தப்பட்டுள்ளது, பூட்டப்பட்டுள்ளது என்று வந்தது. இந்த நேரத்துக்கு எப்போதும் வீட்டுக்கு வந்திருக்கும் வண்டி. வரைபடத்தை அவன் பார்க்கவில்லை. கோதண்டத்தின் பெயரைத் தொட்டான். இந்தச் சாவியை நீக்க வேண்டுமா என்று கேட்டது. ஆமாம் என்பதைத் தொட்டான். மணி ஒன்று ஐம்பத்தாறு.

அந்த நொடியில் டோல்கேட் சந்தில் காரின் ஏசி நின்றது.

மருந்துக்கடையில் கூட்டம். கோதண்டம் பெரிய பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது இரண்டு மணி பத்து. பக்கத்தில் போனார், கைப்பிடி வெளியே வரவில்லை. போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கதவோரம் காட்டினார். தேய்த்தார். அணைத்துத் திரும்பப் போட்டார். திரையில் ஏதோ வந்தது, இங்கிலீஷில். அவருக்குப் படிக்கத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான். நோ.

கண்ணாடிக்கு உள்ளே முதலாளியின் முகம் சிவந்து, சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இடது உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். பலமாகத் தட்ட அவரால் முடியவில்லை.

"இதோ, இதோ மொதலாளி. தம்பி தொறந்துருவாரு. ஒரே நிமிட்டு."

இசக்கிராஜாவுக்குப் போன் போட்டார். மணி அடித்து நின்றது. திரும்பப் போட்டார். திரும்பவும். அங்கே இசக்கிராஜா திரையில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாவி போய்விட்டது தெரிந்து கெஞ்சுகிறார் என்று நினைத்தான். மூன்றாவது அழைப்பில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீட்டிங்குக்குள் போனான்.

கோதண்டம் ராமசெல்விக்கு இரண்டு முறை போட்டார். அவள் போன் உள் அறையில் சார்ஜில் கிடந்தது. அவள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கார் கம்பெனி நம்பர் கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்தது, அதற்குப் போட்டார். ஒரு பெண் குரல் பொறுமையாகப் பேசியது. "சார், ஓனர் நம்பருக்கு ஓடிபி போயிருக்கும். அத மட்டும் சொல்லுங்க சார்."

"ஓனரு பெங்களூர்ல கீறாரும்மா. உள்ள ஆளு மாட்டிகினு கீது. நீயாவது தொறந்து வுடும்மா."

"ஓடிபி இல்லாம முடியாது சார். ஓனர கான்டாக்ட் பண்ணுங்க."

வெயில் மதிலிலிருந்தும் அடித்தது. கோதண்டம் வண்டியைச் சுற்றி ஓடினார். நாலு கதவையும் இழுத்தார். காலுக்குக் கீழே செங்கல் துண்டுகள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுக்கவும் செய்தார். எடுத்தவர் கண்ணாடியைப் பார்த்து நின்றார். திருட்டு என்று காலையில் சொன்ன வாய். இப்போது அவன் காரின் கண்ணாடியை, அவன் அப்பா உள்ளே இருக்கும்போது, வியாசர்பாடிக்காரன் ஒருவன் செங்கல்லால் அடித்தால் அதற்கு என்ன பேர் வரும்? சில்லுகள் அவர் முகத்தில் தெறித்தால்? ஒரே ஒரு அமுக்குதானே. போனை எடுத்துவிடுவான். இப்போது எடுத்துவிடுவான்.

செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு, போனைக் கண்ணாடியோரம் பிடித்துக்கொண்டு வாட்ஸப்பில் குரல் பதிந்து அனுப்பினார்.

இசக்கிராஜாவுக்குப் பின்னும் எட்டு முறை போன் போட்டார். அதற்குள் உள்ளே தட்டுவது நின்றிருந்தது.

சந்து முனையில் தள்ளுவண்டியில் தர்பூசணி விற்கும் சாபிரா, ஒரு ஆள் காரைச் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தாள். கண்ணாடியில் கையைக் குவித்து உள்ளே பார்த்தாள்.

"அட பாவி மனுசா! ஆளு சாஞ்சி கெடக்குது, நீ போன காட்டிகினு நிக்கிற?"

"ஓனரு எடுக்கல. கேட்டுகினு..."

"இன்னாத்த கேக்கறது? ஒட!" ஓடிப்போய்த் தள்ளுவண்டியிலிருந்து இரண்டு கிலோ எடைக்கல்லைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

முதல் அடிக்கு முன் கதவின் கண்ணாடி உடையவில்லை. நாலாவது அடிக்கு உடைந்தது. முன் கதவு வழியாகக் கையை விட்டுத் திறந்து, உள்ளே புகுந்து, சாபிராவின் பழக் கத்தியால் பெல்ட்டை அறுத்து இழுத்தார்கள். முதலாளியின் உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது. சாபிரா பழத்துக்கு வைத்திருந்த ஐஸ் தண்ணீரை முழுவதும் அவர் தலையில் கொட்டினாள். ஆட்டோவில் ஏற்றினார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கோதண்டம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மொதலாளி, மொதலாளி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மாலை ஐந்தரைக்கு மாசானம் இறந்துபோனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே போலீஸ் கோதண்டத்தின் போனை வாங்கிக்கொண்டது. முதலாளியின் தம்பி இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: காலையில் பையன் இவனைக் கண்டித்திருக்கிறான். அந்த ஆத்திரத்தில் பேச முடியாத மனுசனை வெயிலில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். கூட்டம் கூடின பிறகு காப்பாற்றுகிற மாதிரி நடித்திருக்கிறான். கோதண்டம், சாவி வேலை செய்யவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"காலைல தம்பி எதுக்குய்யா திட்டுனாரு?"

"வண்டிய வியாசர்பாடிக்கு எடுத்துனு போனதுக்கு."

"எதுக்குப் போன?"

கோதண்டம் தலை குனிந்தார். இரண்டு இரவுகளை அவர் ஸ்டேஷன் பெஞ்சுக்குக் கீழே கழித்தார்.

இசக்கிராஜா செய்தி கேட்டுப் பெங்களூர் ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் குரலைக் கேட்டான். முழுவதும் கேட்டான். ராயபுரம் வந்த பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. சித்தப்பா இன்ஸ்பெக்டரிடம் பேசிய கதையைச் சொன்னபோதும் அவன் மறுக்கவில்லை. அதைச் சம்மதம் என்று சித்தப்பா எடுத்துக்கொண்டார். கொள்ளி வைத்தான். வந்தவர்கள் தோளில் சாய்ந்து அழுதான்.

மூன்றாம் நாள் காலை வரலட்சுமி ராயபுரத்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் அவளைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த?" என்று ஒருத்தி கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு ராமசெல்வி எழுந்து வந்தாள். மூன்று நாளாகச் சுவரோரம் உட்கார்ந்தே இருந்தவள். பின்னாலேயே இசக்கிராஜாவும் வந்தான்.

"அவள விடுங்க. என்ன சொல்லணுமோ சொல்லட்டும்" என்றாள் ராமசெல்வி.

வரலட்சுமி அழாமல் பேசப் பார்த்தாள், முடியவில்லை. "அம்மா, எங்க வூட்டுக்காரரு பொய் சொன்னது நெசந்தான். காத்து அடிக்கப் போவல. மொதலாளிதான் எங்க வூட்டுக்கு வந்தாரு. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம வந்து சோறு துண்ணாரும்மா. நெத்திலிக் கருவாடு. வூட்ல சொல்லாதன்னு சத்தியம் வாங்கினாரு. அதான் அந்தாளு வாயத் தொறக்க மாட்டேன்றாரு. இன்னிக்கும் ஸ்டேஷன்ல சொல்லல. நானு வந்து சொல்றேன். உப்பு போட்டது தப்புன்னா என்ன இட்டுகினு போவச் சொல்லுங்க."

"ஊட்டிவிட்டியா?" என்று கேட்டாள் ராமசெல்வி.

"இல்லம்மா. அவரே துண்ணாரு. பீச்சாங்கைல. சட்டையெல்லாம் சிந்திக்குவாரு, நான் தொடச்சி வுடுவேன்."

ராமசெல்வி கேட்டைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் சட்டை ஈரமாக வந்ததற்குத் தண்ணீர் கொட்டிவிட்டது என்று கோதண்டம் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரலட்சுமியை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். பிறகு மகனைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனாள்.

"அவன் எனக்கு ரெண்டு தடவ போன் போட்டுருக்கான். நான் மாடில நின்னுட்டேன். அத நெனச்சு நெனச்சுத்தான் மூணு நாளா செத்துக்கிட்டு இருக்கேன். ஒனக்கு எத்தன தடவ போட்டான்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"ஏல, ஒன்னத்தான் கேக்கேன்."

"பதினொண்ணு."

"ஏம்ல எடுக்கல?"

"சாவிய எடுத்துட்டேம்மா. அதுக்குக் கெஞ்சத்தான் கூப்பிடுதாருன்னு நெனச்சேன்."

"எந்தச் சாவிய?"

அவன் சொன்னான். ஒன்று ஐம்பத்தாறு என்பதையும் சொன்னான். அவளுக்குப் புரிய நேரம் எடுத்தது. ஒரு விரலால் தொட்டால் எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் ஒரு வண்டி பூட்டிக்கொள்ளும் என்பதே அவளுக்கு முழுதாகப் பிடிபடாத விஷயம். கடைசியில் ஒன்று மட்டும் பிடிபட்டது.

"அப்பம் நீதான் பூட்டுன."

"அப்பா உள்ள இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதும்மா!"

"தெரியாதுல. தெரிஞ்சா செய்வியா? அது எனக்குத் தெரியும். ஆனா இந்த மூணு நாளா தெரியும்லா? ஒங்க சித்தப்பா அவன உள்ள வைக்கணும்னு அலையுதாவ. நீ பாத்துக்கிட்டு இருக்க."

"வெளிய சொன்னா என்ன ஆகும்னு..."

"என்ன ஆனா என்ன? ஒரு மனுசன் வாக்குக் குடுத்துட்டமேன்னு போலீஸ்ட அடிபட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கான். கிளம்பு."

அவள் புடவையை மாற்றவில்லை. துக்க வீட்டிலிருந்து அன்றைக்கு வெளியே போகக்கூடாது என்று யாரோ தடுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. வரலட்சுமி, ராமசெல்வி, இசக்கிராஜா மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனார்கள்.

ஸ்டேஷனில் சித்தப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். சாபிராவும் இருந்தாள். முதல் நாளிலிருந்து தானாகவே வந்து, தான் பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போகிறவள். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இசக்கிராஜா இன்ஸ்பெக்டரின் மேஜை முன்னால் நின்றான். எதிர்ச் சுவரோரம் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"சார், சாவிய நான்தான் எடுத்தேன்." போனைத் திறந்து நேரத்தைக் காட்டினான். பிறகு, யாரும் கேட்காமலே, அந்தக் குரலை ஒலிக்கவிட்டான்.

அறைக்குள் கோதண்டத்தின் மூச்சிரைப்பு கேட்டது. "தம்பி, ஃபோன எடுங்க தம்பி. மொதலாளி உள்ள மாட்டிகினாரு. சாவி வேல செய்யல. ஏசி நின்னுபூட்ச்சி. நீங்க அங்கருந்தே தொறந்து வுடுங்க. ஒரே ஒரு தபா அமுக்குங்க. வேர்த்துக் கொட்டுது தம்பி அவருக்கு. கண்ணாடிய ஒடச்சிரட்டா? கோவிச்சிக்காதீங்க. ஒடச்சிரட்டா தம்பி? சொல்லுங்க."

அந்தக் குரலுக்குப் பின்னால், தொடர்ந்து, இன்னொரு சத்தமும் இருந்தது. டொப், டொப் என்று மெதுவாக. ஒரு உள்ளங்கை கண்ணாடியில் படும் சத்தம். முதலில் அது என்னவென்று ராமசெல்விக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா எழுந்து வெளியே போனார்.

"எத்தன மணிக்கு இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு பத்தொம்போது" என்றான் இசக்கிராஜா. "அப்ப நான் மீட்டிங்ல இருந்தேன்."

எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கோதண்டத்தை விட்டார்கள். சாபிராவின் வாக்குமூலத்தையும் கடைசியில் எழுதிக்கொண்டார்கள். படியிறங்கும்போது இசக்கிராஜா கோதண்டத்தின் முன்னால் போய் நின்றான். கையைக் கூப்பினானா, பிடிக்கப் போனானா என்பது தெரியாதபடி இரண்டு கையும் அரைகுறையாக நின்றன.

"அண்ணே..."

"வேணாம் தம்பி." கோதண்டம் அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீங்க எடுக்கல. ஆனா நான் ஏன் கேட்டுகினு நின்னேன்? கையில கல்லு இருந்துச்சி. எடுத்தேன். கீழ வெச்சிட்டேன். அந்தம்மா வந்து சொல்றவரைக்கும் நின்னேன். அவரு என்னத்தான் பாத்துகினு இருந்தாரு தம்பி. உங்கள இல்ல."

வரலட்சுமி அவர் தோளைத் தொட்டாள். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தார்கள்.

விபத்து என்று கோப்பை முடிக்க எட்டு மாதம் ஆனது. இசக்கிராஜா மீது வழக்கு எதுவும் நிற்கவில்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார்கள். கண்ணாடி மாற்றிய கையோடு காரை விற்றுவிட்டான். அம்மாவைப் பெங்களூருக்குக் கூப்பிட்டான். அவள் வரவில்லை. மாதத்தில் ஒருமுறை ராயபுரம் வருகிறான். அவள் சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தானாக அவனிடம் பேசுவதில்லை.

கோதண்டத்துக்கு அதற்குப் பிறகு ஸ்டியரிங் பிடிக்கக் கை வரவில்லை. காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார்களை லாரியில் ஏற்றும் வேலைக்குப் போகிறார். ஐம்பத்திரண்டு வயதுக்கு அது கடினமான வேலைதான். வரலட்சுமியோடு தெருவில் நடக்கும்போது, ஓரமாக நிற்கும் கார் எதுவானாலும் நின்று, கையைக் குவித்துக் கண்ணாடிக்குள் பார்க்கிறார். முன் சீட், பின் சீட், கீழே எல்லாம் பார்த்த பிறகுதான் நகர்கிறார். வண்டிக்காரர்கள் சில சமயம் அதட்டுகிறார்கள். ஒருமுறை ஒருவர் அடிக்கவே கையை ஓங்கிவிட்டார். வரலட்சுமி நடுவில் புகுந்து, "ஒண்ணும் எடுக்கல சார், சும்மா பாக்கறாரு" என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள். பத்தடி போனதும் அவர் மறுபடி நின்றார். அங்கேயும் ஒரு கார் நின்றிருந்தது.